கிறவல் மண்ணும் முந்திரிகைத் தேறலும்

எங்கள் வீட்டுச் சமையலறைத் தட்டிலே ஒரு கண்ணாடிப் போத்தல் இருக்கின்றது. அகன்ற தோளும் கனத்த அடியும் உடைய அந்தப் போத்தலில் என் மனையாள் நல்லெண்ணெய் வார்த்து வைத்திருக்கின்றாள். அதன் மேல் ஒட்டிய தாளில் கூரிய கூரைகளையுடைய ஒரு பழைய மாளிகையின் படம் இருக்கின்றது; கூடவே பிரெஞ்சு எழுத்தில் ஒரு பெயர். எண்ணெய் பட்டுப் படம் மங்கத் தொடங்கிவிட்ட போதிலும் பெயர் இன்னும் தெளிவாகவே உள்ளது. 'ஷத்தோ ஓ பிரியோன்' என்பது அப்பெயர்.

வவுனியாவிலிருந்து மன்னாருக்குச் செல்லும் வீதியிலே, மரத்தையும் குளத்தையும் தன் பெயரிலேயே தாங்கி நிற்கும் பூவரசங்குளத்துக்கு இப்போத்தல் வந்த கதை சிறியது. என் தமையனாரின் மகன் பாரிஸ் நகரத்து உணவகம் ஒன்றிற் பணிபுரிபவன். ஆகஸ்ட் மாதத்து மடுத் திருவிழாவுக்கு வந்தவன் எங்கள் வீட்டில் இரண்டு நாள் தங்கினான். உணவகத்துக்கு வந்த செல்வர் ஒருவர் அருந்தி முடித்த போத்தலை, படம் அழகாயிருக்கிறதே என்று எடுத்து வைத்திருந்தானாம்.

"சித்தப்பா, இதைக் குடிச்சு முடிச்ச மனிசன் குடுத்த காசுக்கு இஞ்சை ஒரு நல்ல பசுமாடு வாங்கலாம்" என்றான்.

நான் திடுக்கிட்டேன். முந்திரிகைச் சாற்றைப் புளிக்க வைத்த ஒரு பானத்துக்கு இத்துணை விலையா? பழத்துக்கா, போத்தலுக்கா, படத்துக்கா, பெயருக்கா அவ்விலை? நாற்பது ஆண்டு பிள்ளைகளுக்குப் பாடஞ் சொன்னவன் விடை தெரியாத வினாவை வீட்டிலே வைத்துக்கொண்டு உறங்குதல் இயலுமா? படிக்கத் தொடங்கினேன். படித்தது என் சொந்த ஊரின் நினைவிலும், இன்று நான் வாழும் ஊரின் மண்ணிலும் கொண்டுவந்து விட்டது.

வாசக நேயர்களுக்கு ஒன்றை முன்னரே கூறிவிடுதல் நலம். நான் மது அருந்துபவன் அல்லன். கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரத்தையே வகுத்த வள்ளுவரை வகுப்பறையிற் கற்பித்துவிட்டு, குடியின் புகழ் பாட வரவில்லை. குடியினால் அடுப்பு அணைந்த வீடுகளை இவ்வூரிலேயே அறிவேன். ஆயினும் திராட்சைத் தேறல் நம் இலக்கியத்துக்குப் புதியதன்று. யவனர் நல்ல கலங்களிற் கொண்டுவந்த தேறலைப் பாண்டிய மன்னன் பருகியதை நக்கீரர் புறநானூற்றிலே பாடியுள்ளார். 1945ஆம் ஆண்டில் மோட்டிமர் வீலர் புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டை அகழ்ந்தபோது, மத்தியதரைக் கடல் நாடுகளின் மதுச் சாடிகளது உடைந்த ஓடுகள் அங்கே கிடைத்தன. புலவர் பாட்டுக்குப் பூமி சாட்சி சொல்லிற்று. ஆகவே ஒரு தேறலின் வரலாற்றை அறிவதில் இழுக்கொன்றும் இல்லை.

நிலமும் பெயரும்

பிரான்சின் தென்மேற்கே போர்தோ என்னும் துறைமுக நகரம் உள்ளது. அதன் புறநகராகிய பெசாக்கிலே, இன்று வீடுகளும் வீதிகளும் சூழ்ந்து நிற்க, அவற்றின் நடுவே ஏறத்தாழ 50 ஹெக்டேயர் பரப்பிற் பரந்திருப்பது ஓ பிரியோன் தோட்டம். 1525இல் ஜான் டி பொன்தாக் என்பவருக்கு மண வழியாக இங்கு நிலம் கிடைத்தது. பின்னர் அவர் மேலும் நிலம் சேர்த்து, 1549இல் மாளிகையை எழுப்பத் தொடங்கினார். நம் நாட்டு வரலாற்றோடு ஒப்பிட்டால், யாழ்ப்பாணத்திலே சங்கிலி மன்னன் அரசு வீற்றிருந்த காலம் அது.

அக்காலத்திற் போர்தோவின் மது பெரும்பாலும் பெயரற்ற மதுவாகவே கப்பலேறிற்று. பல தோட்டங்களின் சாறு வணிகரின் பீப்பாவில் ஒன்றாகும். இன்ன நிலத்தில் விளைந்தது என்று எவரும் கேளார். பொன்தாக் குடும்பத்தார் இவ்வழக்கத்தை மாற்றினர். தம் தோட்டத்து விளைவைத் தனியே காத்து, தோட்டத்தின் பெயராலேயே விற்றனர். 1660ஆம் ஆண்டில் இங்கிலாந்து மன்னன் இரண்டாம் சாள்ஸின் நிலவறைக் கணக்கில் இப்பெயர் எழுதப்பட்டது. 1663 ஏப்ரல் 10ஆந் திகதி, நாட்குறிப்பால் உலகப் புகழ் பெற்ற சாமுவேல் பீப்ஸ் இலண்டன் தவறணை ஒன்றிலே இதைச் சுவைத்து, இது போன்றதொரு தனிச் சுவையைத் தாம் கண்டதில்லை என்ற கருத்தில் எழுதி வைத்தார். பெயரை அவர் பிழையாகவே எழுதினார். ஆயினும் எழுதினார் அன்றோ? 1666இல் இலண்டன் மாநகர் தீக்கிரையான பின், பொன்தாக் குடும்பத்தார் அந்நகரிலேயே ஓர் உணவகம் திறந்து தம் தேறலை விற்றனர்.

1855இல் மூன்றாம் நெப்போலியன் காலத்துப் பாரிஸ் கண்காட்சிக்காகப் போர்தோ வணிகர் மதுக்களைத் தரம் பிரித்தபோது, செந்நிறத் தேறல்களுள் நான்கு முதல் வரிசை பெற்றன. லஃபீத், லத்தூர், மார்கோ என்னும் மூன்றும் மெதோக் பகுதியைச் சேர்ந்தவை. அப்பகுதிக்கு வெளியிலிருந்து அவ்வரிசையில் இடம்பெற்றது ஓ பிரியோன் ஒன்றே. அது விளையும் பகுதியின் பெயர் கிராவ்.

'கிராவ்' என்னும் சொல்

இப்பெயரைப் படித்தபோதுதான் என் கை புத்தகத்தின் மேல் அசையாது நின்றது. 'கிராவ்' என்றாற் பிரெஞ்சு மொழியிற் சரளைக் கல். பழைய பிரெஞ்சிலே அச்சொல்லின் குறுஞ்சொல்லாகப் பிறந்தது ஆங்கிலத்துக்குச் சென்று 'கிரவல்' ஆயிற்று. ஆங்கிலேயர் வீதி அமைத்த காலத்தில் அது நம் நாட்டிற் கால்வைத்து, வன்னி மக்கள் வாயிற் 'கிறவல்' ஆயிற்று. என் வீட்டுப் படலையிலிருந்து குளக்கட்டு வரை செல்லும் பாதை கிறவல் பாதை. மாரியிற் சேறும் கோடையிற் செம்புழுதியுமாய் எங்கள் வேட்டிகளையும் பிள்ளைகளின் வெள்ளைச் சீருடைகளையும் பழுதாக்கும் அதே கிறவல்! உலகின் விலைமிகுந்த தேறல் ஒன்றின் தாயகமும் எங்கள் குளக்கட்டுப் பாதையும் ஒரே சொல்லின் இரு பிள்ளைகள்.

சொல் மட்டுமோ உறவு? அந்நிலத்தை 1677 மே 14ஆந் திகதி ஓர் ஆங்கில அறிஞர் நேரிற் சென்று பார்த்தார். ஆசிரிய கலாசாலையிற் பயின்றோர் அவரை நன்கு அறிவர். பிள்ளையின் உள்ளம் எழுதப்படாத வெண்தாள் போன்றது என்று கூறிய ஜோன் லொக் அவர். மேற்கு நோக்கிய சிறு மேடு. சரளை கலந்த வெண்மணல். எதுவும் விளையத் தகுதியற்றது என்றே ஒருவர் நினைக்கக்கூடிய நிலம் என்று அவர் குறித்தார். இடையே ஒரு வாய்க்கால் மாத்திரமே உள்ள அடுத்த தோட்டத்தில் மண் பார்வைக்கு ஒன்றாகவே இருந்தும் மது இத்துணைச் சிறப்புடையதன்று என அங்குள்ளோர் தமக்குச் சொன்னதையும் அவர் எழுதத் தவறவில்லை.

எதற்கும் ஆகாத மண் என்று தோன்றியதன் இரகசியம் யாது? கரோன் நதி பண்டு பிரனீஸ் மலையிலிருந்து உருட்டிவந்து குவித்த கற்கள் அவை. மழைநீர் அவற்றினிடையே தங்காது வடிந்துவிடும். கொடியின் வேர் நீரையும் உணவையும் தேடி ஆழச் செல்ல வேண்டும். செழித்த மண்ணிலே கொடி இலையும் தண்டுமாய்க் கொழுக்கும். வறண்ட சரளையிலோ காய் குறைந்து, குறைந்த காயிற் சாரம் செறியும். பகலெல்லாம் வெயில் குடித்த கற்கள் இரவிலே அவ்வெம்மையைக் குலைகளுக்குத் திருப்பிக் கொடுக்கும்.

பழத்திலிருந்து தேறல் பிறப்பதும் பொறுமையின் கதையே. கருமுந்திரிகையாயினும் அதன் சாறு பெரும்பாலும் நிறமற்றது. செம்மை தோலில் உள்ளது. ஆதலின் செந்நிறத் தேறலுக்குச் சாற்றைத் தோலோடும் விதையோடும் சேர்த்தே புளிக்க விடுவர். இனிப்பு மதுவாக மாறும்போது தோலின் நிறமும் தோல், விதை இரண்டின் துவர்ப்பும் அதில் இறங்கும். பின்னர் ஓக் மரப் பீப்பாக்களிலே ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் உறங்க விடுவர். ஆவியாகிக் குறையும் அளவை அவ்வப்போது நிரப்புவர். வண்டலை விட்டு வடித்து வேறு பீப்பாவுக்கு மாற்றுவர். போத்தலில் அடைத்த பின்னரும் நல்ல ஆண்டின் தேறல் பல பத்தாண்டுகள் முதிர்ந்துகொண்டே இருக்கும். இளமையில் நாவை இறுக்கும் துவர்ப்பே முதுமையில் மென்மையாகின்றது என்பர்.

நம் ஊர்த் தேறல்

இவ்வளவும் பிற நாட்டுக் கதை. நம் நாட்டிலே ஊர்ப்பெயர் பெற்ற தேறல் உண்டோ? உண்டு. யாழ்ப்பாணத்து மூத்தோரிடம் 'தோலகட்டி' என்று சொல்லிப் பாருங்கள். முதலில் துறவிகளின் மடத்தைச் சொல்வார்கள். அடுத்து முந்திரிகை வைனையும் நெல்லி இரசத்தையும் சொல்வார்கள். தமிழகத்தார் திராட்சை எனக் கூறும் பழத்தை வடபுலத்தார் முந்திரிகை என்றே வழங்குவர். கிறிஸ்தவ மக்களின் பூசையிற் பயன்படுவதும் முந்திரிகை இரசமே.

இங்கும் பிரெஞ்சு நாட்டுத் தொடர்பு ஒன்று உண்டு. 1816இல் பிரான்சிலே தோன்றிய அமலமரித் தியாகிகள் சபையின் குருமார் 1847இல் இலங்கைக்கு வந்தனர். யாழ்ப்பாணத்திலும் மடுவிலும் அவர்கள் ஆற்றிய பணி நாடறிந்தது. பலிபூசைக்குரிய இரசம் முந்திரிகைப் பழத்திலிருந்தே உண்டாகியதாயும் கேடுறாததாயும் இருத்தல் வேண்டும் என்பது கத்தோலிக்கத் திருச்சபையின் நியதி. அச்சபையிற் சேர்ந்த தமிழ்க் குருவாகிய தோமஸ் அடிகளார், பிரெஞ்சுக்காரராகிய கியோமர் ஆண்டகை யாழ்ப்பாண ஆயராக விளங்கிய காலத்திலே, 1928இல் தோலகட்டியிற் செபமாலைத் தாசர் சபையை நிறுவினார். மௌனமும் இடையறாச் செபமும் கைத்தொழிலும் அத்துறவிகளின் வாழ்வு. அக்கைத்தொழிலின் கனிகளே அந்த வைனும் நெல்லி இரசமும். கிறிஸ்தவரல்லாத எங்கள் வீட்டிலும் கோடை விருந்தாளிக்குத் தோலகட்டி நெல்லி இரசம் கலக்கப்பட்டதை நான் மறக்கவில்லை. மாளிகை இல்லை; மன்னர் எவரும் வாங்கவில்லை; பாரிஸ் கண்காட்சியின் தரவரிசையும் இல்லை. ஆனாலும் ஓர் ஊரின் பெயரே ஒரு பொருளின் பெயராயிற்று. ஓ பிரியோனுக்கும் தோலகட்டிக்கும் உள்ள ஒற்றுமை அதுவே.

என் பிறந்த ஊரும் அம்மடத்துக்கு அயலில், வலிகாமம் வடக்கிலே உள்ளது. சுண்ணக்கல்லின் மேற் படிந்த செம்பாட்டு மண், ஆழக் கிணறு, வீட்டுக்குப் பின்னே தூண் நாட்டிக் கம்பி இழுத்த முந்திரிகைப் பந்தல். போர்தோவிலே கொடி பனிக்காலத்தில் உறங்கித் தானாக விழிக்கும். நம் வெப்ப நாட்டிற் கொடிக்கு உறக்கமில்லை; ஆதலாற் கவ்வாத்துச் செய்தே அதை எழுப்ப வேண்டும். கவ்வாத்துச் செய்த நாலாம் மாதமளவிற் குலைகள் கறுக்கும். கத்தி பிடிப்பது ஐயாவின் வேலை. அணிலும் கிளியும் வராமற் காப்பது எங்கள் வேலை. சுன்னாகச் சந்தைக்குப் பழக்கூடை கட்டிய சைக்கிளிலே ஐயா புறப்படும் விடியற்காலையை இப்பொழுதும் காண்கின்றேன்.

1990ஆம் ஆண்டு ஆனி மாதம் அவ்வூரை விட்டு எழுந்தோம். சில நாளில் திரும்பலாம் என்று கிணற்றுவாளியைக் கூடக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்த ஐயா, திரும்பாமலே வன்னியிற் கண்மூடினார். போரின் வெம்மை துறவிகளின் மடத்தையும் தீண்டாது விடவில்லை. பல ஆண்டுகளின் பின் எங்கள் பகுதியில் ஒரு பங்கு விடுவிக்கப்பட்டபோது நான் சென்று பார்த்தேன். வீடு இருந்த இடத்தை அத்திவாரத்தால் அறிந்தேன். பந்தற் தூண்களில் மூன்று நின்றன. கொடி இல்லை.

ஓ பிரியோன் மட்டும் தடையின்றி வாழ்ந்ததோ எனின், அதுவும் இல்லை. பிரெஞ்சுப் புரட்சியிலே, 1794இல், அதன் உடையவர் ஜோசெப் டி புமெல் தலையிழந்தார், தோட்டம் பறிமுதலாயிற்று. 1801 முதல் 1804 வரை அது இராசதந்திரி தலேரானிடம் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் வேரை அரிக்கும் சிறு பூச்சி ஐரோப்பியத் தோட்டங்களை அழித்தது. அமெரிக்க வேர்த்தண்டிலே பழைய கொடிகளை ஒட்டுக்கட்டியே அவற்றை மீட்டனர். 1935இல் கிளாரன்ஸ் டிலன் என்னும் அமெரிக்க வங்கியாளர் தோட்டத்தை வாங்கினார். இரண்டாம் உலகப் போரில் மாளிகை முதலில் மருத்துவமனையாகவும் பின் ஜெர்மன் விமானப் படையினரின் ஓய்விடமாகவும் இருந்தது. போர் முடிந்தபின் உரியவரிடமே மீண்டது. உடையவர் மாறினும் உழைப்பவர் தொடர்ந்தனர். 1923 முதலாக டெல்மாஸ் என்னும் ஒரே குடும்பத்தின் மூன்று தலைமுறையினர் அத்தோட்டத்தை மேற்பார்த்து வந்தனர். பாட்டன் நட்ட கொடியைப் பேரன் கவ்வாத்துச் செய்தான். கொடிக்கு முதல் வேண்டுவது, அது காய்க்கும் வரை அருகிலிருக்கும் மனிதன்.

இரண்டு வரிக் கட்டுரை

மாலை வேளைகளில் அயற்பிள்ளைகள் சிலர் என்னிடம் தமிழ் படிக்க வருவர். 'எங்கள் ஊர்' என்னும் தலைப்பிற் கட்டுரை எழுதச் சொன்னேன். ஒரு சிறுவன் இரண்டே வரி எழுதினான்: எங்கள் ஊரில் ஒரு குளம் உண்டு, மற்றது எல்லாம் கிறவல். நான் சினக்கவில்லை. சமையலறையிலிருந்து எண்ணெய்ப் போத்தலைக் கொண்டுவந்து முன்னால் வைத்து, லொக் கண்ட நிலத்தின் கதையையும் கிறவல் என்னும் சொல்லின் பயணத்தையும் சொன்னேன். பிள்ளைகள் சிரித்தனர், பின் அமைதியாயினர். இரண்டு வரிக்காரன் மாத்திரம் கையை உயர்த்தினான்.

"சேர், அந்த வாய்க்காலுக்கு அங்காலை இருந்தவனும் பாடுபட்டவன்தானே? அவன்ரை மண்ணும் அதே மண்தானே? அவன் ஏன் பேர் எடுக்கேல்லை?"

நான் படித்த நூல்களிலும் கூரிய வினா அது. மண்ணை மட்டும் புகழ்ந்து விட்டு நான் எழுந்திருக்க அவன் விடவில்லை. பொன்தாக் குடும்பத்தார் செல்வர்; போர்தோ நீதிமன்றத்திலே தலைமைப் பதவி வகித்தவர்; இலண்டனிற் கடை திறக்க வல்லவர். வாய்க்காலுக்கு அப்பால் இருந்தவன், கூலிக்கும் கடனுக்கும் அஞ்சி, விளைந்தவுடன் வணிகன் பீப்பாவிற் கொட்டியிருப்பான். காத்திருக்க அவனுக்கு வசதியில்லை. மண் ஒன்றாயினும் காத்திருக்கும் வலிமை ஒன்றன்று. இதை அவனுக்கு இயன்றவரை எளிமையாகச் சொன்னேன்.

"அப்ப எங்கடை உழுந்தும் அப்பிடித்தானே, சேர்?" என்றான் அவன்.

ஆம், அப்படித்தான். செட்டிகுளத்திலும் இங்கும் விளையும் உழுந்தும், குளத்து நீரில் விளையும் நெல்லும் அறுவடைக் களத்திலேயே சாக்கிலேறி லொறியிற் போகின்றன. கொழும்பிலே தோசை உண்பவர் பூவரசங்குளத்தின் பெயரை அறியார். விளைத்தவன் கடன் தீர்க்க விற்கிறான். காத்து வைக்கக் களஞ்சியமும், பெயரிட்டு விற்கச் சங்கமும் அவன் கைக்கு எட்டுவதில்லை. பெயர் என்பது ஆடம்பரமன்று, அன்பர்களே! இன்ன ஊரில் இன்ன மண்ணில் நாங்கள் வாழ்ந்து இதனை விளைத்தோம் என்று உலகுக்குச் சொல்லும் சான்று அது. ஊர்விட்டு ஊர் எழுந்து அலைந்த மக்களுக்கு அச்சான்றின் அருமை பிறர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வலிகாமத்துக்குச் சென்ற அன்று, திரும்பும் வழியில் அச்சுவேலிப் பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவரிடம் இஸ்ரேல் புளூ என்னும் கருமுந்திரிகையின் தண்டுகள் நான்கு வாங்கி வந்தேன். இன்று யாழ்ப்பாணத்திற் பெரிதும் பயிராவது அவ்வினமே. கிணற்றடிக்கு அப்பால் குழி வெட்டியபோது மண்வெட்டி கல்லிலே பட்டுத் தெறித்தது.

"மாஸ்டர், இந்தக் கிறவலிலை முந்திரிகை வருமெண்டே நினைக்கிறியள்?" என்றார் அயல்வீட்டுக்காரர்.

மூன்று தண்டுகள் கருகின. ஒன்று தளிர்த்தது. மூன்றாம் ஆண்டிலே ஏழு குலைகள் வந்தன. சிறிய பழங்கள், தோல் தடிப்பு, புளிப்பும் துவர்ப்பும் இனிப்பை முந்தின. அயல்வீட்டுக்காரர் ஒன்றை வாயிலிட்டு முகஞ் சுளித்தார். பின், இன்னொன்று கேட்டார்.

இரண்டு வரிக்காரன் தன் கட்டுரையைத் திருத்தி எழுதிக் கொண்டுவந்தான். இப்போது அதில் ஒன்றரைப் பக்கம் இருந்தது. குளமும் கிறவலும் உழுந்தும் வந்தன; எங்கள் வீட்டு முந்திரிகையும் வந்தது, புளிக்கும் என்ற உண்மையோடு. தலைப்பை மட்டும் அவன் மாற்றியிருந்தான். 'எங்கள் ஊர்' என்பதை அடித்துவிட்டு, 'பூவரசங்குளம்' என்று எழுதியிருந்தான்.